கண் போகிற பக்கம் பலகை போகும்: சர்ஃபிங் பழகிய அனுபவம்

சர்ஃபிங், அதாவது பலகைமேல் நின்று அலையில் சறுக்கிவரும் அலைச்சறுக்கு, பழகுகிறேன் என்று சொன்னால் எல்லாரும் மூன்று கேள்விதான் கேட்கிறார்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா? இந்த வயதுக்கு மேல் வருமா? முதல் நாளே எழுந்து நிற்க முடியுமா? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீச்சல் கட்டாயம் வேண்டும், அதில் பேரமே இல்லை. வயது ஒரு பொருட்டல்ல. முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் நான் பலகையைத் தொட்டேன். என்னைவிட மூத்தவர்கள் என்னைவிட அழகாக எழுந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். முதல் நாளைப் பொறுத்தவரை, பெரிய பலகையும் பக்கத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரும் இருந்தால் பெரும்பாலானவர்கள் ஒரு முறையாவது நின்றுவிடுகிறார்கள்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கண் எங்கே இருக்க வேண்டும்? நான் இதுவரை கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்கான பதில்தான். கரையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது, அலைக்குக் காத்திருக்கும்போது எதைப் பார்ப்பது, எழும்போது எங்கே பார்ப்பது, விழுந்து மேலே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது. கை, கால், முதுகு எல்லாம் கண்ணுக்குப் பின்னால்தான் வருகின்றன. இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலிலேயே யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீச்சலில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பலகை மிதக்கும், காலில் கயிறு கட்டியிருக்கிறது, தண்ணீரும் இடுப்பளவுதானே என்ற நினைப்பு. பலகையையும் காலையும் இணைக்கும் அந்தக் கயிறுக்கு லீஷ் என்று பெயர். இழுபட்டு இழுபட்டு அது என்றாவது ஒருநாள் அறும். கணுக்காலில் சுற்றும் வெல்க்ரோ பட்டை நைந்துபோய்ப் பிரிந்துகொள்ளும். அந்த நேரத்தில் கரைக்கு வர உங்கள் கையும் காலும்தான் துணை. நீச்சல்குளத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்வருவது மட்டும் போதாது. தரை எட்டாத இடத்தில், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போது, பதறாமல் சில நிமிடம் மிதக்க வேண்டும். நிற்காமல் 200 மீட்டராவது நீந்த வேண்டும். அது வரவில்லை என்றால் முதலில் அதைப் பழகுங்கள். அந்த மாதங்கள் வீணே போகாது. பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரை வலிக்க அதே தோள்தான் வேண்டும்.

பலகையைப் பற்றி என் கருத்து உறுதியானது. புதியவருக்கு 8 முதல் 9 அடி நீளம், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலம், மேலே மெத்தென்று ஃபோம் போர்த்திய பலகை. சாஃப்ட்டாப் என்பார்கள். பலகையின் மிதப்பை லிட்டரில் சொல்வது வழக்கம். தேர்ந்தவர்கள் தங்கள் எடையில் பாதிக்கும் குறைவான லிட்டரில் ஓட்டுவார்கள். தொடங்குகிறவருக்கு எடையைவிடக் கூடவே இருக்க வேண்டும். 65 கிலோ எடை உள்ளவருக்கு 75, 80 லிட்டர் பலகை கொஞ்சமும் அதிகமில்லை. பெரிய பலகை அலையைச் சீக்கிரம் பிடிக்கும், நீங்கள் தடுமாறினாலும் அது தடுமாறாது, தலையில் பட்டாலும் மண்டை உடையாது. சர்ஃபிங் பள்ளியில் கொடுக்கும் அந்தப் பெரிய பலகையோடு நடக்கக் கூச்சப்பட்டு, கூர்மூக்கு வைத்த சின்னப் பலகையை வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பொழுது முழுவதும் ஒரு அலையும் சிக்காமல் தோள் வலியோடு திரும்புகிறார்கள். அலை ஏறிப் பழகாமல் அலையேற்றம் வராது. அலை கிடைக்க வேண்டும் என்றால் பலகை பெரிதாக இருக்க வேண்டும்.

கரையில் உட்கார்ந்து பார்ப்பது

எங்கள் பயிற்சியாளர் இருபதுகளில் இருக்கும் இளைஞர். பலகையைத் தொடுவதற்கு முன் எங்களை மணலில் உட்கார வைத்துவிடுவார். பத்து நிமிடம் கடலை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு கேள்விகள் வரும். அலை முதலில் எங்கே உடைகிறது? உடைந்தது எந்தப் பக்கமாகப் பரவுகிறது? பெரிய அலைகள் சேர்ந்து வந்ததே, எத்தனை? அடுத்த கூட்டம் வர எவ்வளவு நேரம் ஆயிற்று? கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி: "எங்க அலை உடையல? அதக் காட்டுங்க."

அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர் காக்கிற கேள்வி. இரண்டு பக்கமும் அலை வெண்மையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கிடக்கும். புதியவர் கண்ணுக்கு இறங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்றே தோன்றும். உற்றுப் பார்த்தால் வேறு கதை. அந்தப் பட்டையின் நிறம் கொஞ்சம் கருத்திருக்கும், அல்லது மணல் கலங்கிப் பழுப்பாக இருக்கும். மேற்பரப்பு சுருங்கிச் சுருங்கி அசையும். ஒரு துண்டு நுரையையோ பாசியையோ கண்ணால் பிடித்துக்கொண்டு பாருங்கள். மற்ற இடத்தில் கரையை நோக்கி வருவது அங்கே மட்டும் கடலை நோக்கிப் போகும். ரிப் என்று சொல்லும் இழுவை நீரோட்டம் அது. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே ஆழமான இடைவெளி கிடைத்தால் அதன் வழியாக விசையாக வெளியேறும். ஆழம் கூடுதல் என்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. வேகமான ரிப் நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் ஓடும். அதை எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது.

ரிப் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது எளிது. பலகையை விடக் கூடாது. உங்களிடம் இருப்பதிலேயே பெரிய மிதவை அதுதான். அதன்மேல் படுத்துக்கொள்ளுங்கள். கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் வலித்து, அலை உடைகிற பக்கம் போய்ச் சேருங்கள். அலையே கரைக்குத் தள்ளிவிடும். தெம்பு இல்லை என்றால் மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி ஆட்டிக் கூப்பிடுங்கள். கண்ணால் முன்பே பார்த்து வைத்தவருக்கு இது நடக்கும்போது பாதி பயம் குறைந்துவிடுகிறது. தான் எதில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

அலைகள் கூட்டமாக வருவதற்குக் காரணம் உண்டு. நாம் ஏறுகிற அலை பக்கத்துக் காற்றில் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. எங்கோ நடுக்கடலில் அடித்த புயலின் ஆற்றல் பல நாள் பயணம் செய்து கரைக்கு வருகிறது. கடலியல் அறிஞர் வால்டர் மங்கும் அவருடைய குழுவினரும் 1963ல் தென்துருவப் பக்கத்துப் புயல்களில் கிளம்பிய அலைகளைப் பசிபிக் கடல் முழுவதும் பின்தொடர்ந்து அலாஸ்கா வரை அளந்தார்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஓடி வரும்போது நீள அலைகள் முந்திக்கொள்ளும், குட்டை அலைகள் பின்தங்கும். ஏறத்தாழ ஒரே வேகத்தில் போகும் அலைகள் ஒன்றோடொன்று சேர்கிற இடத்தில் உயரம் கூடும், சேராத இடத்தில் தணியும். அதனால்தான் சில பெரிய அலைகள், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி பெரிய அலைகள். கூட்டத்தை செட் என்பார்கள். இடைவெளியை எண்ணி வைத்துக்கொண்டால் எப்போது உள்ளே போவது என்று தெரியும்.

இதே மங்கும் இன்னொரு கடலியல் அறிஞரான ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்பும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைகளைக் கரையிறக்குவதற்காக உருவாக்கிய அலைக் கணிப்பு முறையிலிருந்து வளர்ந்ததைத்தான் இன்று நாம் செல்பேசியில் பார்க்கிறோம். அதில் எல்லாரும் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். பக்கத்தில் நொடிக் கணக்கு ஒன்று இருக்கும். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள நேரம் அது. 1 மீட்டர், 6 நொடி என்றால் காற்றில் எழுந்த கொசகொச அலை. அதே 1 மீட்டர், 14 நொடி என்றால் தூரத்திலிருந்து ஆற்றலைச் சுமந்து வருவது. கரைக்கு வந்ததும் எழும்பி நின்று ஓங்கி அடிக்கும். எண் ஒன்றுதான், கடல் வேறு. பழகுகிறவருக்கு அரை மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குள், நடுத்தரமான நொடிக் கணக்கு, லேசான காற்று. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெதுவாக வீசினால் அலையின் முகம் வழவழவென்று இருக்கும். அதே காற்று பலமானால் களைத்தவரைக் கடலுக்குள் தள்ளும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தரை மணலாக இருக்கட்டும். பாறையும் பவளமும் பிறகு.

ஒரு கணக்கு மிகவும் உதவியாக இருந்தது. தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. 1 மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். இது தெரிந்தால் அலை உடைகிற இடத்தைப் பார்த்தே அடியில் மணல்திட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். ஓதம் ஏறி இறங்கும்போது அதே கரையில் அலை இடம் மாறி உடைவதும் இதனால்தான். முழு ஏற்றத்தில் சில கரைகளில் அலை கரையோரத்திலேயே மொத்தமாகக் கவிழும். முழு வற்றத்தில் திட்டின் மேல் ஒரேயடியாகக் குத்தி விழும். இரண்டுக்கும் நடுப்பட்ட நேரம் பெரும்பாலும் நல்லது. ஆனால் கரைக்குக் கரை வேறுபடும். அங்கேயே இருப்பவரைக் கேளுங்கள்.

தண்ணீரில்

இடுப்பளவு தண்ணீரில் பலகையோடு நிற்பதற்கே ஒரு முறை இருக்கிறது. பலகை உங்களுக்குப் பக்கவாட்டில், அதன் முன்முனையான மூக்கு அலையைப் பார்த்து. உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவில் பலகை குறுக்காக இருக்கவே கூடாது. முழங்கால் உயர வெண்நுரைகூட அதைத் தூக்கி முகத்தில் அறைந்துவிடும். லீஷை விரலில் சுற்றிக்கொள்வது, பலகைக்கு அடியில் மீன் துடுப்புபோல் நிற்கும் ஃபின் இருக்கும் பக்கம் கையால் பிடிப்பது, இரண்டும் வேண்டாம்.

படுக்கிற இடத்தைச் சரிபார்க்க நான் பழகிய வழி இது. பலகையில் படுத்ததும் அதன் மூக்கைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் நின்றால் சரி. உயர்ந்து வானத்தைப் பார்த்தால் பின்னால் இருக்கிறீர்கள். அலை உங்களை விட்டுவிட்டு அடியில் நழுவிப் போய்விடும். மூக்கு தண்ணீரைத் தொட்டால் முன்னால் இருக்கிறீர்கள். அலை வந்ததும் குத்திக்கொண்டு கவிழ்வீர்கள். சரியான இடம் கிடைத்ததும் தாடைக்கு நேராகப் பலகையில் ஓர் அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தோ கோடோ ஏதாவது இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அதே இடம்.

சர்ஃபிங் நேரத்தில் பாதிக்குப் பக்கம் கையால் வலிப்பதிலேயே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி காத்திருப்பது. அலைமேல் நிற்கிற நேரம் மிகச் சொற்பம். ஆகவே வலிக்கத் தெரிந்தவருக்குத்தான் மற்றதெல்லாம். பலகையைத் தட்டுவதுபோல் அவசர அவசரமாகக் கை போடாமல், கையை முன்னால் நீட்டி, ஆழமாக இறக்கி, இடுப்பு வரை இழுங்கள். விரல்களை இறுக்க வேண்டாம். தலை ஆடாமல், பார்வை நேராக. குனிந்து கையைப் பார்த்துக்கொண்டே வலித்தால் பலகை கோணல்மாணலாகப் போவதை நீங்களே கவனிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். புதிதாகச் சர்ஃபிங் செய்பவர்களுக்கு அபூர்வமாக வரும் ஒரு தண்டுவடப் பாதிப்பு உண்டு. ஹவாய் மருத்துவர்கள் 2004ல் இதை முதன்முதலாகப் பதிவு செய்து சர்ஃபர்ஸ் மயலோபதி என்று பெயரிட்டார்கள். அடிபடவே வேண்டாம். பழக்கமில்லாத முதுகைப் பின்னுக்கு வளைத்தபடி நீண்ட நேரம் குப்புறப் படுத்திருப்பதால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று கருதுகிறார்கள். திடீரென்று முதுகுவலி, காலில் மரத்துப்போன உணர்வு, கால் தளர்வது, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை அறிகுறிகள். சிலருக்குக் கால் நிரந்தரமாக வராமலே போயிருக்கிறது. முதல் வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பலகையில் எழுந்து உட்காருங்கள், அல்லது கீழே இறங்கி நில்லுங்கள். முதுகில் வித்தியாசமாக ஏதாவது தோன்றினால் அப்போதே கரையேறுங்கள். காலில் மரப்பு இருந்தால் படுத்துத் தூங்கிப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி எழுவது. பாப்அப் என்பார்கள். எந்தக் கால் முன்னால் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வழுக்கும் தரையில் ஓடிவந்து சறுக்கினால் தானாக முன்னால் போகிற கால் அது. இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. இரண்டும் சமம். லீஷ் பின்னங்காலில் கட்ட வேண்டும்.

உள்ளங்கை இரண்டும் மார்புக்குப் பக்கத்தில், பலகையின் மேல் தட்டையாக. விளிம்பைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஒரு கை எப்போதும் அதிகமாக அழுத்தும், பலகை அந்தப் பக்கம் சாயும். மார்பைத் தள்ளித் தூக்கியதும் இடுப்புக்குக் கீழே ஒரு வெற்றிடம் உண்டாகும். அந்த இடத்துக்குள் முன்னங்காலைக் கொண்டுவர வேண்டும், இரண்டு கைக்கும் நடுவில். பின்னங்கால் தானே வந்து சேரும். கால்கள் பலகைக்குக் குறுக்காக, முழங்கால் மடங்கி, முன்பக்கம் சற்றுக் கூடுதலாக எடை. முழங்காலில் நின்று பிறகு எழுகிற பழக்கத்தை ஆரம்பத்திலேயே தவிர்த்தால் நல்லது. அலை செங்குத்தாகும்போது அதற்கு நேரம் கிடைக்காது. ஊறிப்போன பழக்கத்தை மாற்றவும் நாளாகும். எழுவது மெதுவாக இருந்தால் பரவாயில்லை, ஒரே அசைவாக இருந்தால் போதும். வீட்டுத் தரையில் ஒரு கோடு போட்டு, இரண்டு பாதமும் அந்தக் கோட்டின் மேல் விழுகிறதா என்று தினமும் பாருங்கள். பாப்அப் உண்மையில் கற்றுக்கொள்ளப்படும் இடம் அந்தத் தரைதான்.

தண்ணீருக்குள் வந்ததும் வேறொன்று குறுக்கே வரும். எழுகிறபோது கால் சரியாக விழுந்ததா என்று கீழே பார்க்கத் தோன்றும். எல்லாருக்கும் தோன்றும். தலை எடையுள்ளது. தலை குனிந்தால் தோள் குனியும், இடுப்பு பின்னால் தூக்கிக்கொள்ளும், எடை பலகையின் மூக்குக்குப் போகும். பயிற்சியாளர் தண்ணீரில் நின்றபடி கத்துவார்: "அக்கா, கீழ பாக்காதீங்க! கீழ பாத்தா கீழதான் போவீங்க. கரையில அந்தக் கொடிக்கம்பத்தப் பாருங்க." கொடிக்கம்பத்தில் கண்ணை வைத்து எழுந்த அலைதான் நான் முதன்முதலாகக் கரை மணல் வரை நின்றபடி வந்த அலை. காலில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அதே கால், அதே பலகை, அதே உயர நுரை. பார்வை மட்டும் உயர்ந்தது. அதோடு முதுகு நிமிர்ந்தது, முழங்கால் தானாக மடங்கியது, பலகை அடியில் தடதடவென்று ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது. அதற்கு முன்பு அந்தச் சத்தத்தைக் கேட்கிற நிதானமே எனக்கு இருந்ததில்லை.

விழுவதையும் பழக வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் பலகையிலிருந்து விலகி, பக்கவாட்டிலோ பின்பக்கமோ, தட்டையாக விழுங்கள். தலைகீழாகப் பாயக் கூடாது. ஆழம் இடுப்பளவுதான் என்பதை மறக்க வேண்டாம். கையால் தலையைப் பொத்திக்கொண்டு ஓரிரு நொடி அடியிலேயே இருங்கள். முகத்துக்கு முன்னால் முழங்கையை மடக்கி வைத்தபடி மேலே வாருங்கள். லீஷ் இல்லாத காலத்தில் விழுந்தால் பலகை கரைக்குப் போய்விடும், அதன் பின்னால் நீந்த வேண்டும். 1914ல் ஹவாய் சர்ஃபர் டியூக் கஹானமோகு சிட்னியில் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் ஏறிக் காட்டிய மரப் பலகையில் லீஷும் இல்லை, ஃபின்னும் இல்லை. அமெரிக்க சர்ஃபர் டாம் பிளேக் பலகைக்கு அடியில் ஃபின் வைத்தது 1935ல். லீஷ் பரவியது 1970களில். பலகையைத் தேடிப் போகிற தொல்லை அதோடு போயிற்று. ஆனால் இழுபட்ட லீஷ் பலகையைத் திருப்பி உங்கள் மேலேயே எறியும். குளிர்கடலில் உடல் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடைக்குப் பேர்போன ஜாக் ஓநீல் ஒரு கண்ணை இழந்தது அப்படி ஒரு லீஷால்தான். அதனால் முகத்தைக் காத்துக்கொண்டு மேலே வாருங்கள். வந்ததும் முதல் பார்வை கடல் பக்கம். அடுத்த அலை எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பலகையைத் தேட வேண்டும்.

உடையாத அலை

வெண்நுரையில் நேராகக் கரைக்கு வருவது கைவந்த பிறகு, உடையாத அலைக்குப் போகிற ஆசை வரும். இங்கே வேறு பாடம் தொடங்குகிறது. அதுவரை பயிற்சியாளர் பார்த்துச் சொன்னார், பலகையின் பின்முனையான வாலைப் பிடித்துத் தள்ளியும் விட்டார். இனி அலையை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலகையில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். சில நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் தொடுவானத்தில் ஒரு கருங்கோடு தடிப்பது தெரிய ஆரம்பிக்கும். செட் வருகிறது. அருகே வர வர அதில் எந்த இடம் உயரமோ அங்கேதான் முதலில் உடையும். பீக் என்பது அந்த முனை. அதிலிருந்து அலை எந்தப் பக்கமாகச் சரிந்து இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் நீங்கள் போக வேண்டிய பக்கம். நீளத்துக்கு ஒரே உயரமாகச் சுவர்போல் வருவது ஒரேயடியாகக் கவிழும், அதை விட்டுவிடுங்கள். எல்லா அலைக்கும் வலித்துக் களைத்துப்போவதைவிட, பார்த்துப் பார்த்து ஒன்றுக்கு முழு மூச்சாக வலிப்பது மேல்.

திரும்பி வலிக்கத் தொடங்கியதும் தோளுக்கு மேல் ஒருமுறை பின்னால் பாருங்கள். அலை எவ்வளவு அருகில், எவ்வளவு செங்குத்து என்று. பின்பு முன்னால். வால் மெல்லத் தூக்கிக்கொள்வதை இடுப்பு உணரும். அந்தத் தருணத்தில் நிறுத்தத் தோன்றும். இன்னும் இரண்டு மூன்று வலி வலிக்க வேண்டும். அதைத்தான் பலர் செய்வதில்லை. பலகை தானாக வழுக்கி ஓடத் தொடங்கிய பிறகு எழுங்கள். மூக்கு தண்ணீரில் குத்துகிறதா? அலையை நேராக இல்லாமல், நீங்கள் போக வேண்டிய பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். எழும்போதே பார்வை அந்தப் பக்கம், அலையின் சுவர் நீண்டு கிடக்கும் பக்கம் இருக்கட்டும். கரையைப் பார்த்தால் பலகை கரைக்குத்தான் போகும்.

இதற்குப் போட்டிக் காணொளிகளைப் பார்ப்பது மிகவும் உதவும். அலைச்சறுக்கு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2021ல் நடந்த டோக்கியோ போட்டியில். பெண்கள் தங்கத்தை ஹவாயின் கரிசா மூர் வென்றார், ஆண்கள் தங்கத்தை பிரேசிலின் இத்தாலோ ஃபெர்ரேரா. அவர்கள் பலகையைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள். திருப்பம் எங்கே தொடங்குகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தலை திரும்புகிறது, தோள் பின்தொடர்கிறது, இடுப்பு, பிறகுதான் பலகை. அவர்கள் செய்வதை நம்மால் செய்ய முடியாது. ஆனால் அந்த வரிசை புதியவருக்கும் அதேதான். முடிந்தால் கரையிலிருந்து யாரையாவது உங்களையும் படமெடுக்கச் சொல்லுங்கள். தலை எங்கே இருக்கிறது என்பது படத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

வெளியே போனால் மற்றவர்களும் இருப்பார்கள், அங்கே முறை உண்டு. பீக்குக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அலை. அவர் எழுந்துவிட்டால் அதே அலையில் அவருக்கு முன்னால் நீங்கள் இறங்கக் கூடாது. அதனால் தோளுக்கு மேல் பார்க்கும் அந்தப் பார்வையிலேயே பீக் பக்கம் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். வந்தால் பலகையைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்துவிடலாம். வெளியே வலித்துப் போகும்போது, ஏறி வருகிறவரின் பாதைக்குக் குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நுரை இருக்கும் பக்கம் போங்கள், அவர் போகிற பக்கம் வேண்டாம். பெரிய நுரை எதிரே வந்தால் பலகையை வீசிவிட்டு முங்கக் கூடாது. பின்னால் இருப்பவர் மேல் அது பாயும். விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு பலகையோடு தலைகீழாகப் புரண்டு, அலை கடந்ததும் திரும்பப் புரளலாம். ஆமைப் புரட்டல் என்று எங்கள் குழுவில் சொல்வோம். தவறி யார் வழியிலாவது இறங்கிவிட்டால், உடனே விலகி வாய்விட்டு மன்னிப்புக் கேளுங்கள். கடலில் அதற்கு மதிப்பு அதிகம்.

பலகையை எப்போது மாற்றலாம் என்று கேட்பார்கள். யாரும் தள்ளிவிடாமல், நீங்களே பார்த்து எடுத்த உடையாத அலையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் போக வருகிற வரைக்கும் பெரிய பலகையை விட வேண்டாம். அதன் பிறகும் 9 அடியிலிருந்து நேராக 6 அடிக்குத் தாவாமல் 8, பிறகு ஏழரை என்று இறங்குங்கள். புதிய பலகையின் முதல் நாள் மறுபடி வெண்நுரையில் தொடங்குங்கள். தாடைக்கு நேரான அடையாளம் அதில் வேறு இடத்தில் இருக்கும்.